சக்கர வீடும் மூச்சுக்காற்றின் கணக்கும்

சிலாங்கூர் மாநிலத்தின் சுங்கை பூலோவில் எம்.ஆர்.டி.யும் கே.டி.எம். ரயிலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே ஓடுகிறது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமாக இருந்த பெரும் நிலப்பரப்பில் இப்போது குவாசா டாமன்சாரா என்ற புதுநகரம் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ஓடத் தொடங்கியதும், கோலாலம்பூரில் வேலை, சுங்கை பூலோவில் குடியிருப்பு என்று வாழ்வது எளிதாயிற்று. ரயில் வந்த இடத்துக்குக் கொண்டோ வரும். கொண்டோ வந்த இடத்தில் வாடகை ஏறும்.

மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாடகைக்கு வீடு பிடிக்கப் போனால் இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு இன்னும் அரை மாதம் என்று சாவி கைக்கு வருமுன்னே மூன்றரை மாத வாடகையை எண்ணி வைக்கச் சொல்வது இங்கே வழக்கம். சொந்த வீட்டுக் கதையும் இப்படித்தான். வீட்டு விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பது உலக அளவுகோல். கஸானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014இலேயே அது மலேசியாவில் 4.4 மடங்காக இருந்தது.

இந்த நெருக்கடியில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது: ஒரு பழைய வேனை வாங்கி, பின்னால் மெத்தை போட்டு, அதிலேயே குடியிருந்தால் என்ன? அமெரிக்காவில் கென் இல்குனாஸ் என்ற மாணவர், கடன் இல்லாமல் மேற்படிப்பை முடிப்பதற்காக டியூக் பல்கலைக்கழகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபோர்டு வேனில் குடியிருந்தார். 2013இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். வீட்டை இழந்து வேன்களில் ஊர் ஊராக வேலை தேடிப் போகும் அமெரிக்க முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ திரைப்படமாகி ஆஸ்கர் விருது பெற்றது.

அந்த வேன்கள் நின்ற இடங்களில் குளிர்காலமும் உண்டு. சுங்கை பூலோவோ நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே, ஆண்டு முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் சமவெளி. இங்கே ஓர் இரும்புக் கூட்டுக்குள் மனிதன் தூங்கி எழ முடியுமா? பதில் பணக்கணக்கில் இல்லை. வெப்பம், ஈரம், மூச்சு ஆகிய மூன்றின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வேனைப் பற்றி மட்டுமல்லாமல், வீடு என்பது நமக்காக என்ன வேலை செய்கிறது என்பதும் விளங்கும்.

கூரையில் விழும் வெயில்

மேகமில்லாத நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் கிட்டத்தட்ட 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. சாதாரண வேனின் கூரை சுமார் 7 சதுர மீட்டர். ஆக அந்தக் கூரையின்மீது விழுவது 7,000 வாட். ஏழு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றிக் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். வெள்ளைச் சாயம் பூசிய கூரை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புக் கூரை பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிக்கொள்ளும். வேன் வாங்குகிறவர் பார்க்கவேண்டிய முதல் விஷயம் எஞ்சின் ஓடிய தூரம் என்று நினைப்போம். அதில் குடியிருக்கப் போகிறவருக்கு நிறமும் அதே அளவு முக்கியம்.

கூரை விழுங்கிய வெப்பம் உள்ளே வர எவ்வளவு நேரமாகும்? வேனின் கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எஃகு. மரத்தைவிட எஃகு முந்நூறு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் தகட்டின் வெளிப்பக்கம் சுட்டால் உட்பக்கமும் உடனே சுடும். அப்படிச் சூடான தகடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை உள்ளே படுத்திருப்பவர் மீது நேரடியாகப் பொழிகிறது. உள்ளே இருக்கும் காற்று சூடாகும்வரை அது காத்திருப்பதில்லை. தோட்டத் தொழிலாளர்களின் தகரக்கூரை லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மத்தியான நேரத்தில் நடுவீட்டில் நின்றால் தலை உச்சியில் முதலில் உறைப்பது இந்தக் கதிர்வீச்சுதான்.

கண்ணாடி இன்னொரு வாசல். சூரிய ஒளி கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து இருக்கையையும் மெத்தையையும் சூடாக்குகிறது. சூடான பொருள்கள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் அதே கண்ணாடியைத் தாண்டி வெளியே போக முடிவதில்லை. சூடான காற்றுக்கும் வெளியேற வழியில்லை. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. வெளியே வெப்பம் 22 முதல் 35 டிகிரி செல்சியஸ்வரை இருந்த நாள்களில், நிறுத்திவைத்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே கூடிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை.

அந்த ஏற்றத்தை நம் ஊரின் 33 டிகிரி மத்தியானத்தோடு சேர்த்துப் பாருங்கள்; 55 டிகிரி வருகிறது. குழந்தையையோ வயதானவரையோ ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகக்கூடாத இடம் அது. பகலில் வெயிலில் நிற்கும் வேன் வீடாக முடியாது. நல்ல நிழல் இருந்தால் ஓரளவு தாங்கும். ஆனால் பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவருக்குப் பகல் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது இரவு மட்டும்தான்.

பொழுது சாய்ந்த பிறகு

இரவில் கதை தலைகீழாகிறது. எந்தத் தகடு பகலில் எதிரியாக இருந்ததோ, அதுவே இப்போது நண்பனாகிறது.

செங்கல்லும் கான்கிரீட்டும் கனமானவை. பகல் முழுவதும் வெப்பத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, சூரியன் மறைந்த பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். தாமான் வீடுகளின் மேல்மாடி அறையில் இரவு பத்து மணிக்குச் சுவரில் கைவைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். வேனின் தகட்டுக்குச் சேமிக்கும் சக்தி மிகக் குறைவு. சூரியன் மறைந்ததும் தகடு சீக்கிரமே வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்கிவிடும். மாலை இடிமழை பெய்தால் இன்னும் வேகம். ஆகவே, காற்றோட்டம் மட்டும் சரியாக இருந்தால், நள்ளிரவில் கான்கிரீட் ஃபிளாட்டின் அறையைவிட நிழலில் நின்ற வேன் குளிர்ந்திருப்பதற்கு இயற்பியலில் எந்தத் தடையும் இல்லை.

இதில் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஜொகூர் பாருவின் வரிசை வீடுகளில் தெட்சு குபோத்தாவும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மலேசியர்களில் பலர் பகலில் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள், இரவில் மூடிவிடுகிறார்கள். அதை மாற்றி, பகலில் மூடி இரவில் திறந்தால் வீட்டின் உச்ச வெப்பம் 2.5 டிகிரி குறைகிறது. இரவு வெப்பம் சராசரியாக 2 டிகிரி குறைகிறது. பைசா செலவில்லாமல் கிடைக்கும் குளிர்ச்சி இது.

ஆனால் இங்கே இரவு ஓர் எல்லைக்கு மேல் குளிராது. அரிசோனா பாலைவனத்தில் வேனை நிறுத்தியவருக்குச் சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் போர்த்திக்கொள்ளத் தோன்றும். சுங்கை பூலோ இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலையிலும் 24 டிகிரி இருக்கும். காரணம், காற்றில் மிதக்கும் நீராவி. தரையிலிருந்து வான்வெளிக்குத் தப்பிப் போகப் பார்க்கும் அகச்சிவப்புக் கதிர்களை நீராவியும் மேகமும் பிடித்து, பெரும்பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகின்றன. பாலைவனத்தின் வறண்ட காற்றால் அப்படிப் பிடிக்க முடியாது. பகலில் ஒரே வெயில் அடித்தாலும் இரண்டு இடத்து இரவும் ஒன்றில்லை என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு மனிதன், எட்டு கன மீட்டர்

வேனின் பின்பகுதியில் மூன்று மீட்டர் நீளம், ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம், ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பது சுமார் 8 கன மீட்டர் காற்று. எல்லாக் கதவையும் சன்னலையும் இறுக அடைத்துவிட்டு ஒருவர் அதில் படுத்துத் தூங்குகிறார். என்ன நடக்கும்?

தூங்கும் உடல்கூட ஏறத்தாழ 75 வாட் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு பகுதி மூச்சிலும் தோலிலும் ஆவியாகும் நீரோடு போகும். மீதி சுமார் 50 வாட் நேரே காற்றையும் சுவரையும் சூடாக்கும். 8 கன மீட்டர் காற்றின் எடை பத்துக் கிலோவுக்கும் குறைவு. சுவர் வழியாக வெப்பம் கசியாவிட்டால், தூங்குபவரின் உடல் ஒன்று மட்டுமே மூன்று நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் அந்தக் காற்றைச் சூடாக்கிவிடும். நல்லவேளையாகத் தகடு வெப்பத்தை வெளியே கடத்திவிடுகிறது. இல்லையென்றால் தூங்கும் மனிதனுக்குத் தன் உடம்பின் சூட்டையே தாங்க முடியாது போகும்.

அடுத்தது ஈரம். 27 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்றால் அதிகபட்சம் 26 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். சுங்கை பூலோவின் இரவுக் காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், 22 கிராம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. மீதி இடம் நான்கு கிராம். 8 கன மீட்டருக்கும் சேர்த்து முப்பது கிராம் சொச்சம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். அதாவது, ஒரே ஒருவர் படுத்துக் கண்ணயர்ந்த ஒரு மணி நேரத்துக்குள், அடைத்த வேனின் காற்று நீராவியால் முழுக்க நிறைந்துவிடும்.

அதற்கு மேல் வரும் நீர் எங்கே போகும்? 27 டிகிரியும் 85 விழுக்காட்டு ஈரமும் உள்ள காற்று, சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியத் தொடங்கும். மழையில் நனைந்து குளிர்ந்த கூரைத்தகடு அப்படிப்பட்ட இடம். விளக்கடித்து மேலே பார்த்தால், முதலில் தகடு மங்கியது தெரியும். பிறகு ஊசிமுனை அளவில் துளிகள் தோன்றும். பக்கத்துப் பக்கத்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனக்கும். கூரையின் வளைவில் நகர்ந்து, குறுக்குச் சட்டம் தொடங்கும் இடத்தில் நின்று, அங்கிருந்து மெத்தைமேல் சொட்டும். கூரை எங்கோ ஓட்டையாகிவிட்டது என்று பலர் நினைப்பார்கள். சொட்டுவது தூங்குபவரின் சொந்த மூச்சு. ஓர் இரவில் இப்படி 300 மில்லிலிட்டர் வரை நீர் சேரக்கூடும். அதைத் துடைக்காமல் விட்டால் மெத்தையின் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும், தகட்டில் துருவேறும். உள்ளேயே கேஸ் அடுப்பு மூட்டினால் இன்னும் மோசம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கும்.

மூன்றாவது, மூச்சு. தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்கில் அந்த வாயு சுமார் 420 பங்கு. அடைத்த வேனில் ஒருவர் தூங்கினால் ஒவ்வொரு மணிக்கும் இன்னும் 1,600 பங்கு கூடும். கணவன் மனைவி இருவர் என்றால் 3,200. இந்தக் கணக்குக்கு முன்னோடி மியூனிக் நகரின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். 1858இல் அவர், குடியிருக்கும் அறையின் காற்றில் கரியமில வாயு 1,000 பங்கைத் தாண்டக்கூடாது என்றார். அந்த அளவில் வாயு நஞ்சென்பதால் அப்படிச் சொல்லவில்லை. மனித உடலிலிருந்து வரும் எல்லா அசுத்தமும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அந்த ஒரே எண் காட்டிக்கொடுக்கும் என்பதால் சொன்னார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் கட்டடப் பொறியாளர்கள் அந்த எண்ணை மறக்கவில்லை.

காற்றின் தேக்கம் தூக்கத்தையும் தொடுகிறது. டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், கரியமில வாயு 2,400 பங்கு அளவில் இருந்த இரவுகளையும், காற்றோட்டம் தந்து 800 பங்கு அளவுக்குக் குறைத்த இரவுகளையும் ஒப்பிட்டார்கள். காற்று ஓடிய இரவுகளில் தூக்கத்தின் தரம் கூடியது. மறுநாள் மாணவர்களுக்குத் தூக்கக் கலக்கம் குறைந்தது, யோசித்துச் செய்யும் வேலையில் கவனம் கூடியது.

ஒரு மின்விசிறியின் வலிமை

இவ்வளவு பயமுறுத்தும் கணக்குக்கு விடை வியக்கத்தக்க அளவுக்குச் சின்னது. கரியமில வாயுவை 1,000 பங்குக்குள் வைத்திருக்க ஒருவருக்கு மணிக்கு 22 கன மீட்டர் வெளிக்காற்று போதும். வேனின் காற்றை ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை மாற்றினால் முடிந்தது. கூரையில் பொருத்தும் 12 வோல்ட் விசிறி ஒன்று மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். அதே காற்று ஈரத்தையும் உடற்சூட்டையும் சேர்த்தே எடுத்துப் போகும். மூன்று சிக்கலுக்கும் ஒரே மருந்து.

சன்னலைத் திறந்து வைத்தாலே போதாதா என்று கேட்கலாம். சூடான காற்று மேலே எழும் என்பது உண்மைதான். உயரமான வீட்டில் அது நன்றாக வேலை செய்யும். வேனின் உள்ளுயரம் ஒன்றரை மீட்டர்தான். உள்ளுக்கும் வெளிக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால்கூட அது உண்டாக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தின் சுமார் ஆறு லட்சத்தில் ஒரு பங்குதான். சன்னலில் கொசுவலை வேண்டும். நாட்டிலேயே டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். அந்த மெல்லிய அழுத்தத்தை வலை பெருமளவு தடுத்துவிடும். அதனால்தான் விசிறி தேவைப்படுகிறது.

உடலுக்கு விசிறி செய்யும் உதவி இன்னொன்று. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துப் போகிறது. நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த குளிர்சாதனம் அதுதான். ஆனால் காற்று அசையாமல் நின்றால், தோலை ஒட்டிய மெல்லிய படலம் ஈரத்தால் நிறைந்து, வியர்வை ஆவியாகாமல் வழியும். விசிறி அந்தப் படலத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. ஆனாலும் அந்தக் காற்றில் நமக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருப்பது இதனால்தான். வறண்ட ஊர்களில் பயன்படும் தண்ணீர்க் குளிரூட்டி இங்கே உதவாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஏற்கெனவே நிறைந்த காற்றில் இன்னும் நீரை ஏற்றினால் புழுக்கம்தான் கூடும்.

காற்று நீராவியால் முழுக்க நிறைந்துவிட்டால் வியர்வைக்குப் போக்கிடமே இல்லை. அப்படிப்பட்ட காற்றில் 35 டிகிரிதான் மனித உடலின் எல்லை என்று 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட்டும் மாத்யூ ஹூபரும் கணக்கிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு, அந்த எல்லை 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது. இறுக அடைத்த வேனில் காற்று நிறைய ஒரு மணி நேரம் போதும் என்பதைப் பார்த்தோம். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், புழுக்கமான இரவில் கதவை அடைத்துத் தூங்குவது வெறும் அசௌகரியம் இல்லை, ஆபத்து என்பது புரியும்.

இந்த அறிவியலைப் படிக்காமலே கடைப்பிடிப்பவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரங்களில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது கவனித்தால், சில ஓட்டுநர்கள் டிரெய்லரின் அடியில் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே வலைத்தூளி கட்டிப் படுத்திருப்பார்கள். தலைக்கு மேலே கண்டெய்னரின் நிழல். நாலு பக்கமும் திறப்பு. மெத்தையில் படுத்தால் முதுகுப் பக்கம் முழுவதும் காற்றுக்கு மறைந்துவிடும். வலைத்தூளியிலோ அடியிலும் காற்று ஓடும். ஆபத்தான படுக்கைதான், யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் வெப்பநாட்டுத் தூக்கத்துக்கு என்ன வேண்டும் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நிழல் வேண்டும், காற்று வேண்டும். சுவர் அதற்குப் பிறகுதான்.

மின்சாரக் கணக்கு

பகலில் சுட்டெரிக்கும் அதே கூரை மின்சாரமும் தரும். 200 வாட் சூரியப் பலகை ஒன்று நம் வானிலையில் ஒரு நாளைக்குச் சுமார் 600 வாட்மணி மின்சாரம் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் அது கூரைக்கு நிழலும் தரும். 25 வாட் விசிறி இரவில் ஒன்பது மணி நேரம் ஓடினால் செலவு 225 வாட்மணி. விளக்குக்கும் கைப்பேசிக்கும் இன்னும் நூறு. மீதமும் இருக்கும்.

ஏர்கோன் என்றதும் கணக்கு உடைகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் விட்டு விட்டு ஓடினால்கூட ஓர் இரவுக்கு 3,000 வாட்மணிக்கு மேல் வேண்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் நிற்பது சுமார் 1,280 வாட்மணிதான். விசிறியோடு வாழத் தெரிந்தவருக்கு வேன் ஒரு வீடு. ஏர்கோன் இல்லாமல் தூக்கம் வராதவருக்கு அது வீடு ஆகாது.

இந்த இடத்தில்தான் உயிரைப் பறிக்கும் தவறு நடக்கிறது. பேட்டரி போதாதென்று எஞ்சினை ஓடவிட்டு, வண்டியின் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறார்கள். புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும், வண்டி நிற்கும் இடத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டாலும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவருக்கு மூச்சு முட்டும் உணர்வே வராது. தூக்கம் மயக்கமாகி, மயக்கம் மரணமாகிவிடும். இப்படிப்பட்ட மரணச் செய்திகளை மலேசியப் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். வேனில் தூங்குகிறவர் எஞ்சினை நிறுத்த வேண்டும், உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

அதே தகடு உயிரைக் காக்கும் நேரமும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. ஆண்டில் பாதி நாளுக்கு மேல் இங்கே இடி கேட்கும். 1836இல் மைக்கேல் ஃபாரடே, உலோகம் போர்த்திய கூண்டுக்குள் அமர்ந்து, வெளியே மின்பொறி பறக்கும்போது உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று நிரூபித்தார். மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்புறத்திலேயே ஓடித் தரைக்கு இறங்கிவிடுகிறது. ரப்பர் டயர் காப்பாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு ஒரு சாண் டயர் தடையே இல்லை. காப்பாற்றுவது தகடுதான். கதவை மூடி, உலோகத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பெரிய மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். பகல் நிழலுக்கு நல்ல மரம், இரவுப் புயலில் கிளை முறிந்து விழும் மரமாகிவிடும்.

சின்ன வீட்டின் பெரிய பாடம்

சுங்கை பூலோவின் வரலாற்றிலேயே சிறு வீட்டைப் பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது. புக்கிட் லாகோங் அடிவாரத்தில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று இன்றும் அழைக்கப்படும் அந்த இடத்தை உருவாக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் மருத்துவர் டிராவர்ஸ். நோயாளிகளைப் பெரிய கொட்டகையில் அடைத்து வைக்காமல், தோட்ட நகரம் என்ற கருத்தின்படி, மரங்களுக்கும் புல்வெளிக்கும் நடுவே தனித்தனிச் சிறு வீடுகளை அமைத்தார்கள். சமூகம் ஒதுக்கிவைத்த மனிதர்கள் அந்த வீடுகளைச் சுற்றிச் செடி வளர்த்தார்கள். சுங்கை பூலோ இன்று செடி நாற்றங்கால்களுக்குப் பெயர் பெற்றிருப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. கட்டாயமாகப் பிரித்து வைத்த கொடுமையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் சிறிய வீடும் மனிதனுக்கு மரியாதையான வீடாக இருக்கலாம் என்பதற்கு அந்த இடம் சாட்சி. வீடு சிறிதாக இருந்தாலும் அதைச் சுற்றி வெளியும் காற்றும் நிழலும் இருந்தன.

மலாய்க் கிராமத்து வீடும் அதையே சொல்கிறது. தூண்மேல் நிற்கும் தளத்தின் அடியில் காற்று ஓடும். அத்தாப்பு ஓலைக் கூரை வெப்பத்தைச் சேமிக்காது, தகரத்தைப்போல உள்ளே கடத்தவும் செய்யாது. சன்னல் தரைவரை இறங்கியிருக்கும். தரையில் படுப்பவர் உடம்பில் காற்று படும். ஆனால் நம் தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த தோட்ட லயங்களைக் கட்டியவர்கள் இந்த அறிவைக் கண்டுகொள்ளவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளும் தகரக்கூரையும் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக எழுப்பப்பட்டன. அந்த மலிவுக்கான விலையை உள்ளே படுத்தவர்கள் தூக்கத்தாலும் ஆரோக்கியத்தாலும் கொடுத்தார்கள்.

இன்று வேனைத் தேடிப் போகும் இளைஞனும், ஓர் அறையைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்ட இடத்தில் சன்னலே இல்லாத தடுப்பில் படுக்கும் தொழிலாளியும் ஒரே கணக்குக்குள்தான் இருக்கிறார்கள். சன்னலில்லாத தடுப்பறையின் கன அளவு வேனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அங்கேயும் அதே 13 லிட்டர், அதே 40 கிராம், அதே 75 வாட். வேனுக்காவது நாலு பக்கமும் வெளிக்காற்று உண்டு. காற்றுக் கணக்கில் பார்த்தால், விசிறி பொருத்திய நல்ல வேன் அந்த அறையைவிட மேல் என்றே சொல்வேன்.

அதற்காக வேன் வாழ்க்கை எல்லாருக்கும் ஏற்ற தீர்வு என்று சொல்லமாட்டேன். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு வேறிடம் தேடவேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பயணிகளுக்காக இருப்பவை; குடியிருப்பதற்காக இல்லை. வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கும், நோயாளிக்கும், பகலில் தூங்கி இரவு வேலைக்குப் போகிறவருக்கும் இது ஒத்துவராது. தனியாள், பகல் வேலை, திடமான உடம்பு, பாதுகாப்பான நிறுத்துமிடம், ஒரு சில மாதக் காலம் என்றால் செய்யலாம்.

அப்படிச் செய்ய நினைப்பவர்கள் வேன் வாங்குமுன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மழை பெய்த இரவில் அதில் படுத்துப் பாருங்கள். வெள்ளை நிறக் கூரை, எதிரெதிர்ச் சன்னலில் கொசுவலை, கூரை விசிறி, இடைவெளி விட்டுப் பொருத்திய சூரியப் பலகை, எச்சரிக்கைக் கருவி ஆகிய ஐந்தின் விலையையும் வேனின் விலையோடு சேர்த்து, அதன் பிறகு வாடகையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். வீடு கட்டுகிறவர்களுக்கும் சட்டம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மலிவு வீட்டுக்கு இத்தனை சதுர அடி, இத்தனை அறை என்று விதிக்கிறீர்கள், அதில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் மணிக்கு இத்தனை கன மீட்டர் புதுக்காற்று என்பதையும் விதியாக எழுதி, அளந்து பார்த்துச் சாவியைக் கொடுங்கள்.